சுத்தமான ரிப்போர்ட்

என் அண்ணியின் ஆள்காட்டி விரலைப் பார்த்தால் ஓட்டலே நடுங்கும். இருபத்தாறு வருஷமாக அங்கே அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கு மேற்பார்வையாளர். கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக் கம்பிக்கு மேல், கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னால் என்று கடவுளே எட்டிப் பார்க்காத இடங்களில் விரலை ஓட்டி, ஒட்டிய தூசியைத் தப்புச் செய்தவரின் மூக்குக்கு நேரே நீட்டுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். என் அண்ணனைக் கட்டிக்கொண்டதே அவன் நகம் வெட்டியிருந்த அழகைப் பார்த்துத்தான் என்று நான் கேலி செய்வேன். அவர் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு, ஓட்டலில் வருஷாவருஷம் நடக்கும் பரிசோதனையில், சிறுநீரில் கிருமி என்று வந்துவிட்டது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆள் குத்துக்கல் மாதிரி இருந்தார். மருந்தே வேண்டாம் என்றார் டாக்டரம்மா. சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ளக் கொக்கி வைத்திருக்கும் கிருமிதான் குடைச்சல் கொடுக்கும். கொக்கியைத் தொலைத்த சில கிருமிகள் பேசாமல் கிடக்கும், சமயத்தில் பொல்லாததை உள்ளே விடாமல் இடத்தை அடைத்துக்கொண்டும் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அண்ணி வெளியே வந்து என்னிடம் கேட்டார்:

"கடிக்கலன்னு கரப்பான்பூச்சிய சமையல்கட்டுல விட்டுவைப்பாங்களா?"

விட்டுவைக்கவில்லை. இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதுகிறவர்கள்தான் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்களே. ஒருவர் ஐந்து நாளைக்குக் கொடுத்தார், இன்னொருவர் பத்து நாளைக்கு. அப்புறம் மருந்துக்கடைக்காரரே டாக்டரானார். மாதம் தவறாமல் அண்ணியின் கைப்பையில் சாம்பிள் டப்பா என்னிடம் வந்து இறங்கும். நான் லேப் டெக்னீஷியன், தட்டில் கிருமி வளர்த்துப் பார்ப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு மாதமும் கிருமி இருந்தது, கூடவே இன்னொரு மருந்து அதனிடம் தோற்றிருந்தது. எச்சரித்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஐந்தாம் மாதம் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. ஆறாம் மாதமும் அப்படியே. அண்ணி அந்த ரிப்போர்ட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினார். அதில் என் கையெழுத்தும் இருந்ததால் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஏழாம் மாதம் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகில் வலி. டப்பா வந்தது. தட்டு மறுபடியும் சுத்தம். என் ரிப்போர்ட்டை நம்பி டாக்டரம்மா மூன்று நாள் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடினார். அதற்குள் ரத்த அழுத்தம் இறங்கி, அண்ணி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டார். ஏற்றிய மருந்து எதுவும் கேட்கவில்லை. வராந்தாவில் அண்ணன் என்னைப் பார்த்து, "நீ பாத்தது சரிதானே?" என்று மட்டும் கேட்டான். சரிதான் என்று அடித்துச் சொன்னேன்.

நர்ஸ் குழாய் வழியாக நேரே எடுத்த சாம்பிளைத் தட்டில் போட்டேன். மறுநாள் காலை கிருமி அப்பிக் கிடந்தது. பன்னிரண்டு மருந்துகளை வைத்துப் பார்த்தேன். பதினொன்றை அது சட்டை செய்யவில்லை. ஒரே ஒரு ஊசிமருந்துக்கு மட்டும் செத்தது. சாதுவையெல்லாம் கொன்று தீர்த்த இடத்தில் கொக்கிக்காரன் குடியேறியிருப்பான் என்றார் டாக்டரம்மா.

அந்த ஊசியில் அண்ணி பிழைத்தார். பேச்சு வந்ததும், டப்பாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கழுவினேன். யார் யார் கை பட்டதோ. தரை தொடைக்கிற மருந்து ஒரு மூடி ஊத்திக் குலுக்கி வச்சேன். மூணு மாசமா அப்படித்தான்."

மூன்று முறையும் அந்த டப்பாவைத் திறந்தபோது எலுமிச்சை வாசனை அடித்தது. அண்ணியின் கைப்பை எப்போதும் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தட்டில் கிருமி வளராததற்குக் காரணம் டப்பாவில் கிடந்த அந்தத் தரை மருந்து. இத்தனை வருஷம் லேப்பில் பழகிய என் மூக்குக்கு அது உறைக்கவில்லை.

வீடு திரும்பிய அன்று ஃபிரிட்ஜுக்கு மேலே அந்தச் சட்டம் அப்படியே இருந்தது. "இதக் கழட்டிடலாம் அண்ணி, பொய் ரிப்போர்ட்டு" என்றேன்.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். கண்ணாடியில் என் கையெழுத்து தெரிந்த இடத்தின் மேல் விரலை ஓட்டினார். என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

விரலில் தூசி இல்லை, அதே எலுமிச்சை வாசனை.