அலீடாவின் கேரட்டும் கழுவி வந்த பாத்திரமும்

அலீடா போஸ்மாவுக்குச் சந்தேகக் குணம் பிறவியிலேயே இருந்ததல்ல. போன குளிர்காலத்துக் காய்ச்சலோடு வந்தது. காய்ச்சல் பத்து நாளில் இறங்கிவிட்டது. இறங்கிப் போகும்போது அவளுடைய மூக்கையும் நாக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பி வெந்நீராக இருந்தது. சோப்பும் பாலாடைக்கட்டியும் ஒன்றாக இருந்தன.

அதிலிருந்து எதையும் நம்ப முடியவில்லை. அடுப்புக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்காமல் வீட்டை விட்டு வெளியே போகமாட்டாள். உடுத்திய சட்டையை மறுநாள் உடுத்தமாட்டாள். பால் பையில் அச்சடித்த தேதியைக் கண்ணாடி போட்டுப் படிப்பாள். படித்தும் நம்பாமல் கணவன் கெர்பனுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"என்ன, எனக்கு விஷம் வச்சுப் பாக்குறியா?"

"குடி. எப்படி இருக்கு?"

"பால் மாதிரி இருக்கு. வேற எப்படி இருக்கும்?"

அவனிடம்கூட அவள் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கெர்பன் தன் தங்கை யண்டீனாவிடம் சொல்வான். யண்டீனாவுக்குத் தெரிந்தால் சர்ச் சமையல்கட்டுக்குத் தெரியும். சமையல்கட்டுக்குத் தெரிந்தால் அலீடாவைப் பன் வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள்.

பன் வரிசை என்பது சதுப்பை வடித்து வயலாக்கிய அந்த ஊர்ப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம். ஈஸ்டருக்கும், அக்டோபரில் அறுவடை நன்றி விருந்துக்கும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதார்த்தம். கை நடுங்குகிறவர்கள், அடுப்பில் பாத்திரத்தை மறந்துவிடுகிறவர்கள் ஆகியோருக்குச் சமையல்கட்டுத் தலைவி கொர்ரி போன் செய்து, "இந்தத் தடவை நீ ஓய்வெடு, கடையிலேர்ந்து பன் வாங்கிட்டு வந்தா போதும்" என்பாள். அதற்குப் பிறகு யாரும் மறுபடி அடுப்புக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அலீடாவின் பதார்த்தம் கேரட். ஊரே கேரட் விளைவிக்கிற ஊர். அந்தக் கறுப்பு மண்ணில் விளைந்ததை, அதை விளைவித்தவர்களுக்கே சமைத்துப் போட்டுப் பேர் வாங்குவது லேசான காரியம் இல்லை. அவள் வாங்கியிருந்தாள். சாய்வாக நறுக்கிய கேரட்டை மூழ்கியும் மூழ்காமலும் தண்ணீர் விட்டு, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் மேப்பிள் மரப் பாகும் சேர்த்துத் திறந்தபடி கொதிக்க விடுவாள். தண்ணீர் வற்றப் பாகு இறுகும். சலசலவென்று கொதித்தது மெல்ல மெல்லத் தடித்து, களக் களக்கென்று சோம்பலாகக் குமிழி விடும். அந்த நேரத்தில் சுக்குப் பொடியைத் தூவி ஒரு புரட்டு. ஒவ்வொரு துண்டும் மெருகு போட்ட மாதிரி பளபளக்கும். பளபளப்பைக் கண் பார்த்துக்கொள்ளும், குமிழியைக் காது பார்த்துக்கொள்ளும், மூக்கு எதற்கு என்று அவள் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டுதான் ஈஸ்டருக்குச் சமைத்தாள்.

ஈஸ்டர் அன்று குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்கிற முறை அவளுக்கு வந்திருந்தது. விருந்து மேசைப் பக்கம் போகவே முடியவில்லை. சாயங்காலம் கெர்பன் பாத்திரத்தை வண்டியிலிருந்து எடுத்து வந்து வைத்தான். அலீடா மூடியைத் திறந்தாள். பாத்திரம் கழுவி இருந்தது.

அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

அந்தச் சர்ச்சில் அடுத்தவர் பாத்திரத்தை யாரும் கழுவமாட்டார்கள். அவரவர் பாத்திரம் அவரவர் வீட்டுத் தொட்டிக்கு. ஓரத்தில் ஒட்டிய பாகு, கரண்டி சுரண்டிய கோடு, மூலையில் கிடக்கிற ஒற்றைத் துண்டு இதையெல்லாம் பார்த்துத்தான் தன் சமையல் எப்படிப் போயிற்று என்று ஒரு பெண் தெரிந்துகொள்வாள். வாயால் கேட்டால் எல்லோரும் அருமை என்றுதான் சொல்வார்கள். அப்படி வளர்ந்த ஜனங்கள்.

"இதை யார் கழுவினது?"

"எனக்கெப்படித் தெரியும்? கழுவி இருந்தா நல்லதுதானே?" என்றான் கெர்பன்.

"கேரட் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நீ சாப்பிட்டியா?"

கெர்பன் காலணியின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமானான். "நான் போறதுக்குள்ள காலி."

சாப்பிடாதவன் நல்லா இருந்துச்சு என்கிறான். அலீடா அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி குடிக்கிற நேரத்தில் கொர்ரியைப் பிடித்தாள்.

"என் கேரட்டை எங்க வச்சிருந்த, கொர்ரி? மேசையில."

"எங்கயா... ஹேம் கறி பக்கத்துல. பிரமாதம், அலீடா. எப்பவும் போல."

ஹார்மன் மாமா விவசாயத்தை மகனிடம் விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டவர். அவரைக் கேட்டாள்.

"உருளைக்கிழங்கு பக்கத்துல இருந்துச்சும்மா. நான் ரெண்டு தடவ போட்டுக்கிட்டேன்!"

இன்னொருத்தி சாலட் பக்கத்தில் என்றாள். ஒரே பாத்திரம் எப்படி மூன்று இடத்தில் இருக்கும்? அந்த வசந்தமும் கோடையும் முழுக்க அவள் விடவில்லை. கேட்கக் கேட்கப் புகழ்ச்சி கூடியது. பாத்திரம் மேசை முழுக்க ஊர்வலம் போனது. கடைசியில் அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அந்தக் கேரட்டை யாருமே சாப்பிடவில்லை.

அப்படியானால் கொட்டியது யார்? ஈஸ்டர் அன்று அடுப்படி, பரிமாறல் முறை யண்டீனாவுக்கு. போதாததற்கு, ஈஸ்டரிலிருந்து அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. வழியில் பார்த்தால் வண்டியிலிருந்து வணக்கமென்று ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறாள். கேரட் இடத்துக்கு நாத்தனார் குறி வைத்துவிட்டாள் என்று அலீடா முடிவு கட்டினாள்.

செப்டம்பர் கடைசியில் கொர்ரியின் போன் வந்தது.

"அலீடா, இந்தத் தடவ நீ கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோயேன். பன் வாங்கிட்டு வந்தா..."

அலீடா போனை வைத்துவிட்டு மேல்கோட்டைக்கூடப் போடாமல் வண்டியை எடுத்தாள்.

யண்டீனா கேரட் கழுவும் கொட்டகையில் நின்றிருந்தாள். முழங்கால் வரை ரப்பர் காலணி. இயந்திரப் பட்டையில் கேரட் ஓடிக்கொண்டிருக்க, உடைந்ததையும் இரட்டைக் கால் விட்டதையும் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என் கேரட்டை ஈஸ்டர் அன்னிக்கு நீதானே கொட்டின?"

யண்டீனா இயந்திரத்தை நிறுத்தினாள். "ஆமா. நான்தான் கொட்டினேன். கழுவியும் வச்சேன். அதுக்கென்ன இப்ப?"

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அலீடா எதிர்பார்க்கவில்லை.

"ஏன் கொட்டின?"

"ஏனா? மூடியத் திறந்ததும் கண்ணுல தண்ணி கொட்டிச்சு. வாயில ஒண்ணு போட்டேன், மூக்கு வழியா உயிர் போச்சு. சுக்குப் பொடிக்குப் பதிலா கடுகுப் பொடிய அள்ளிக் கொட்டியிருக்க! சர்க்கரைப் பாகுல கடுகு! அன்னிக்குப் பரிமாறுற முறை என்னோடதுன்னு தெரிஞ்சுதானே செஞ்ச? எல்லாரும் காறித் துப்பிட்டு என்னைப் பாக்கட்டும்னுதானே?"

அலீடாவுக்கு அன்று காலை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வைத்த ஹேம் கறிக்குப் பூசுவதற்காகக் கடுகுப் பொடி டப்பாவை எடுத்து வைத்திருந்தாள். பக்கத்திலேயே சுக்குப் பொடி. ஒரே கம்பெனி, ஒரே மஞ்சள் மூடி, ஒரே வெளிறிய பொடி. வாசனை தெரியாததால் குறைந்துவிடப் போகிறதே என்று தாராளமாகத்தான் போட்டாள்.

"நான் வேணும்னு செய்யல."

"அதெப்படித் தெரியாம செய்வ? டப்பாவைத் திறந்தாலே தெரியுமே!"

"எனக்குத் தெரியாது, யண்டீனா. எனக்கு எதுவுமே தெரியறதில்ல. மூக்கு போச்சு. காய்ச்சல்லேர்ந்து."

முதல் தடவையாக அதை வாயால் சொல்லியிருக்கிறாள். யண்டீனா நம்பவில்லை. அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூலைக்குப் போய்க் கழிவு வாளியை இழுத்து வந்தாள். ஒரு வாரமாகக் கிடந்து கூழாகிப்போன கேரட், கறுப்பு நீரில் மிதந்தது. பக்கத்துக் கொட்டகை நாய்கூட அதன் பக்கம் வருவதில்லை.

"மோந்து பாரு."

அலீடா குனிந்தாள். மூக்கு நீரைத் தொடுகிற அளவு குனிந்து நன்றாக மூச்சை இழுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "இதுல என்ன?" என்று அப்பாவியாகக் கேட்டாள்.

வாளியைப் பிடித்திருந்த யண்டீனா முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருமினாள். "போதும், போதும், நிமிரு தாயே! என்னால முடியல."

இருவரும் வெளியே வந்து நின்றார்கள். யண்டீனாதான் முதலில் பேசினாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நீ கொர்ரிகிட்ட சொல்லித்தானே அவ எனக்குப் பன்னுன்னு போன் பண்ணினா?"

"நான் மூச்சு விடல. ஈஸ்டர்லேர்ந்து நீ ஒவ்வொருத்தரையா நிறுத்தி வச்சு 'பாத்திரம் எங்க இருந்துச்சு, எங்க இருந்துச்சு'ன்னு போலீஸ் மாதிரி கேட்டா அவ என்ன நினைப்பா? புத்தி தடுமாறுதோன்னு பயந்திருப்பா."

அலீடா வண்டிக் கதவைத் திறந்தாள். யண்டீனா கதவைப் பிடித்துக்கொண்டு, "விருந்தன்னிக்குக் காலையில நான் வரேன். நீ கிண்டு, நான் மோந்து பாக்குறேன்" என்றாள்.

"ஏன்? என் இடத்துக்கா?"

"ஐயோ! கல்யாணமான நாள்லேர்ந்து இந்தப் பட்டையில நிக்கிறேன். கேரட்டைக் கண்டாலே எனக்குக் குமட்டும். உன் இடம் எனக்கெதுக்குடி?"

அப்படியும் அலீடா சும்மா இருக்கவில்லை. விருந்தன்று காலை யண்டீனா கரண்டியை முகர்ந்து, நாக்கில் தொட்டு, "சரியா இருக்கு" என்றபோது, அவள் புருவம் அசைகிறதா என்று உற்றுப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டாவது கரண்டியைக் கெர்பனுக்குத் தனி அறையில் கொடுத்துக் கேட்டாள். அவனும் சரி என்றான். அவன் எப்போதுமே அப்படித்தான் சொல்வான்.

இப்படியே போனால் சாகிறவரை சந்தேகப்பட்டே சாக வேண்டியதுதான் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. கீழ்த்தளத்துக்குப் போனதும், கொர்ரி பன் எங்கே என்று தேடுவதற்குள், கேரட்டை மேசையின் நட்டநடுவில் வைத்தாள். கரண்டியால் ஒரு டம்ளரைத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு வாசனையும் ருசியும் போச்சு. ஈஸ்டருக்குச் செஞ்சதுல கடுகு விழுந்துடுச்சு. அதை உங்கள்ல ஒருத்தரும் சாப்பிடல, சாப்பிட்டதாப் பொய் சொன்னீங்க. இதை யண்டீனா ருசி பாத்திருக்கா. இன்னிக்காவது ஒருத்தர் எனக்கு நிஜத்தைச் சொல்லுங்க. நல்லா இல்லன்னா பன்னே கொண்டு வரேன்."

கொர்ரியின் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஹார்மன் மாமாதான் தட்டை நீட்டினார். ஒரு வாய் போட்டு மென்றார்.

"அருமை," என்றார்.

அலீடா நகரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹார்மன் மாமா இன்னொரு துண்டை வாயில் போட்டார். விழுங்கினார். முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"கொஞ்சம் தித்திப்பு தூக்கல்மா."

"இன்னிக்கா?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. எப்பவுமே."

கொர்ரி, "மாமா!" என்று அதட்டினாள். ஆனால் மடை திறந்துவிட்டது. சாலட் பக்கம் என்று பொய் சொன்னவள், "துண்டு கொஞ்சம் பெருசு, என் பல்லுக்குக் கஷ்டம்" என்றாள். பின்னாலிருந்து யாரோ, "சுக்கு இன்னும் காரமா இருக்கலாம்" என்றார்கள். அது கெர்பனின் குரல்.

"உன்னை வீட்ல பாத்துக்கிறேன்," என்றாள் அலீடா.

அவள் காது மடல்கள் எரிந்தன. கோபம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் குளிர்காலத்துக்குப் பிறகு அவள் அட்சரம் பிசகாமல் நம்பிய முதல் பேச்சு இதுதான். ஒரு நாற்காலியை இழுத்து ஹார்மன் மாமாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"சரி மாமா, இன்னொரு தடவ போட்டுக்கிட்டுச் சொல்லுங்க. சர்க்கரையைக் குறைக்கவா, பாகைக் குறைக்கவா?"