கீழே ஊற்றிய முதல் பால்

எனக்குப் பால் கிடையாது என்பது எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்கு முன்பே முடிவான விஷயம். மூத்தவள் பிறந்து இருபது நாளில் டப்பாப் பவுடருக்கு மாறிவிட்டாள். அதன் பிறகு தாராவியில் எங்கள் சந்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் என் பேச்சு வந்துவிடும். "இவளுக்குப் பாலே இல்ல பாத்துக்கோ, உடம்பு வாகு அப்படி" என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் மாமியார் சொல்வார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் மனசுக்குள் வேறு பெயர்களும் உண்டு.

ஐந்து வருஷம் கழித்து இரண்டாவது உண்டானபோது ஆணா பெண்ணா என்று எல்லாரும் ஆருடம் சொன்னார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. இதற்காவது பால் கொடுப்பேனா, மாட்டேனா? ஏழாம் மாதத்திலிருந்தே குளிக்கும்போது அமுக்கிப் பார்ப்பேன். ஒன்றும் வராது. ஒரு நாள் ஈரம் மாதிரி பட்டது. பாலா, சோப்புத் தண்ணீரா என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை கதவைத் தட்டி, "குழாயில தண்ணி நிக்கப் போவுது, சீக்கிரம் வாட்டி" என்றார்.

யோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் பூண்டைக் கருப்பட்டியோடு வேகவைத்துத் தின்னச் சொன்னாள். பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா சிவப்பு விதை போட்ட அளிவ் லட்டு கொண்டுவந்தாள். பூண்டு தின்றால் பிள்ளைக்கு வயிறு பொருமும் என்றாள் அக்கா. லட்டு ஆகாது, சூடு என்றாள் அம்மா. தண்ணீர் விஷயம் அதைவிட மோசம். மூத்தவளைப் பெற்றபோது அத்தை எனக்குப் பத்தியம் வைத்தார். மே மாதம், தகரக் கூரை, ஒரு நாளுக்கு இரண்டு டம்ளர் வெந்நீர்தான். அதற்கு மேல் குடித்தால் வயிறு பெருத்துவிடுமாம். ஆண்டாப் ஹில்லில் இருக்கும் நாத்தனாரோ அப்போதே சொம்பு சொம்பாகக் குடிக்கச் சொன்னாள். அவள் அத்தை பெற்ற மகள்தான். தாயும் மகளும் போனில் சண்டை போட, நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிப்பதா வேண்டாமா என்று விழித்தேன்.

இந்தத் தடவை செக்கப்புக்குப் போனபோது ஹெல்த் போஸ்ட் நர்ஸ் ஒன்று சொன்னாள். "பெஹ்லா பீலா தூத் ஃபேக்னா மத்." மஞ்சளாக வரும் முதல் பாலைக் கொட்டிவிடாதே என்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் மூத்தவளுக்கு வந்ததை நாங்கள் கொட்டினோம். தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே பெற்றேன். வார்டில் நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து அத்தை அதைக் கிண்ணத்தில் பீச்சி வாங்கி, கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தார். "பத்து மாசமா உள்ள கெடந்தது, கெட்ட பாலு" என்றார். முதல் மூன்று நாளும் பிள்ளைக்குச் சேனைத் தண்ணீர்தான். சர்க்கரையைக் கரைத்து, வீட்டில் நல்ல குணமுள்ள ஒருத்தர் விரலால் தொட்டு நாக்கில் வைப்பது எங்கள் வழக்கம். அத்தையே வைத்தார்.

அப்படியானால் பால் நின்றது எதனால்? கொட்டியதாலா, தண்ணீர் குடிக்காததாலா, நிஜமாகவே என் உடம்பு வாகா? ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்து வருஷம் என்னை நானே திட்டிக்கொண்டது வீண்தானோ என்று நினைத்தபோது அழுகை வந்தது.

ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் செம்பூர்ப் பக்கம் ஒரு எருமைக் கொட்டகையிலிருந்து சீம்பால் வாங்கி வந்தார். அத்தைக்கு அது உயிர். கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்து, முதல் துண்டை எனக்கு வைத்தார்.

"தின்னுட்டி, அம்புட்டும் சத்து. ஈன்ன ரெண்டு நாளுதான் இது வரும். பொறவு நீ எங்க தேடுனாலும் கெடைக்காது."

வாயில் போட்டேன். தித்திப்பாகத்தான் இருந்தது.

"அத்தை, கன்னுக்குட்டிக்கு மட்டும் இது கெட்ட பால் இல்லையா?"

பாதி சண்டைக்குக் கேட்டேன். மீதி பாதி, சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன்.

அத்தை தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கும் பீச்சிக் கீழதான் ஊத்துனாவ" என்றார். "பொறவு பாலு இல்லன்னுட்டாவ. உன் புருசன் எருமப் பாலு குடிச்சு வளந்தவன்."

என் கதையை ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் கதையை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

"பின்ன ஏன் எனக்கும் அதையே செஞ்சீங்க?"

"வேற என்ன செய்யணும்னு எனக்கு யாரு சொன்னா?"

பையன் பிறந்த அன்று அத்தை ஆஸ்பத்திரிக்குச் சின்ன பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரோடுதான் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம். நர்ஸ் பிள்ளையை என் மார்பில் போட்டாள். அவன் முகத்தை அங்கேயும் இங்கேயும் தேய்த்துத் தேடி ஒருவழியாகக் கவ்வினான்.

"வருதா?" என்று கேட்டார் அத்தை.

"தெரியலியே அத்தை."

நிஜமாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் வாயை எடுத்தான். காம்பில் மஞ்சளாக ஒரு சொட்டு நின்றது. அத்தை கையை நீட்டி அதை விரல் நுனியில் எடுத்தார். கொட்டப் போகிறார் என்று பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுட்டி" என்று சொல்லிவிட்டு, அந்த விரலைப் பேரன் நாக்கில் வைத்தார்.