வாசிக்காமல் வைத்த கையெழுத்து

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் நான் இறங்கி முடிப்பதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். கீழே விழுந்து கால் முறிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வார்டுக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தார். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, எனக்குத் தேத்தண்ணிகூட வாங்கித் தந்து, நடந்ததைக் கேட்டுக் கேட்டுச் சிங்களத்தில் எழுதினார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசித்துக் காட்டச் சொன்னால் அவரைச் சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நட்டஈடு கேட்டு வழக்குப் போட, கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் அந்த வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து, அதில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார்: "ஓடுற பஸ்ஸுல இருந்து நானே பாய்ஞ்சேன். டிரைவர் மேல பிழை இல்ல."

"நான் அப்பிடிச் சொல்லவே இல்லைங்க!"

"கவனக்குறைவு யாரோடதுன்னுதான் கோர்ட்டுல பார்ப்பாங்க. ஒங்களோடதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே."

அந்தப் பொலிஸ்காரரை நினைத்தால் குமட்டுகிறது. என்னை நினைத்தால் அதைவிட மோசமாகக் குமட்டுகிறது. இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் நான் முதலில் போன இடம் பொலிஸ் நிலையம்தான். அவருக்கு நன்றி சொல்ல, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொண்டு, கால் இப்போது எப்படி என்று விசாரித்தார்.