தோளில் ஒரு தட்டு

தன் முதுகைத் தானே பார்க்க எவனாலும் முடியாது. பாராசூட் படையில் சேர்ந்த முதல் மாதமே இதை எங்கள் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். விமானத்தின் கதவு திறப்பதற்கு முன்னால் வரிசையாக எழுந்து நிற்போம். ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனின் முதுகுப் பையைத் தடவிப் பார்க்க வேண்டும். பட்டை முறுக்கியிருக்கிறதா, கயிறு சிக்கியிருக்கிறதா என்று விரலால் தேட வேண்டும். எல்லாம் சரியென்றால் தோளில் ஓங்கி ஒரு தட்டு. எஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. தட்டு விழுந்தால் அவன் குதிக்கலாம். ஏதாவது சரியில்லை என்றால் தட்டக் கூடாது, அவனை வரிசையிலிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

எழுபதுகளில் மலேசிய ராணுவத்தில் எங்கள் கம்பெனியில் தமிழர்கள் இரண்டே பேர், நானும் அவனும். அவன் ஊர் கிள்ளான், என் ஊர் பிரிக்பீல்ட்ஸ். வரிசையில் அவன் ஏழு, நான் எட்டு. அவன் முதுகு என் பொறுப்பு.

ஒரே ஒரு முறைதான் நான் தட்டவில்லை. ஒரு பயிற்சியின்போது அவன் பாராசூட்டின் தோள் பட்டையில் தையல் விட்டிருந்தது விரலில் பட்டது. பிடித்து இழுத்துவிட்டேன். மற்றவர்கள் எல்லாரும் குதித்தார்கள், அவன் மட்டும் விமானத்தோடு திரும்பி வந்தான். "எல்லாரு முன்னாலயும் என்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிட்டியேடா!" என்று கத்தினான். அந்தப் பட்டையைப் பரிசோதித்தவர்கள் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை, மடையன். உயிர் பிழைத்தவனுக்கு வந்த ரோஷத்தைப் பாருங்கள்!

எங்களை மறுபடி பேச வைத்தது காடுதான். தாய்லாந்து எல்லையில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போனபோது, புதைத்து வைத்திருந்த கண்ணிவெடி அவன் இடது காலை முழங்காலோடு கொண்டுபோயிற்று. அங்கேயும் எனக்கு முன்னால் நடந்தவன் அவன்தான். ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய வெட்டவெளிக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். மழைக்கோட்டை இரண்டு கழிகளில் கட்டி அவனைத் தூக்கினோம். ஒரு மலாய்க்காரக் கோப்ரல், அம்பாங்கிலிருந்து வந்த ஒரு சீனன், சரவாக்கைச் சேர்ந்த ஒரு இபான் பழங்குடிக்காரன், நான். மற்ற மூவருக்கும் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவன் "அம்மா" என்று முனகும்போதெல்லாம் கோப்ரல் "சிக்கிட் லாகி, சிக்கிட் லாகி" என்பார். இன்னும் கொஞ்சம்தான் என்று அர்த்தம். இரண்டு நாளும் அதையே சொன்னார். தன் பங்குத் தண்ணீரையும் அவன் வாயில்தான் ஊற்றினார். வழியில் அவன் என் சட்டையைப் பிடித்து, "என்னை இங்கயே விட்டுட்டுப் போங்கடா" என்று கெஞ்சினான். வாயை மூடுடா என்று அதட்டினேன். கூடப் பிறந்தவர்களிடம்கூட எனக்கு அப்படி ஒரு பாசம் வந்ததில்லை.

தொண்ணூறுகளில் நான் செராஸில் ஒரு கிடங்குக்கு ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கிள்ளான் பாசாரில் பொய்க்காலோடு உட்கார்ந்து தேங்காய் விற்றான். அப்புறம் சர்க்கரை வந்தது. மிச்சமிருந்த வலது காலில் ஒரு புண் வந்து கறுத்துப்போயிற்று. உடனே காலை எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்.

அவன் மனைவி போன் பண்ணினாள். "அண்ணே, நீங்க சொன்னா கேப்பாரு. இன்னிக்கே வந்துருங்கண்ணே."

அன்று தூக்கியவர்களில் கூட்டிப் போக யாருமில்லை. கோப்ரல் இறந்துவிட்டார். இபான் ஊருக்குப் போனவன் போனவன்தான். அம்பாங்காரனுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. நான் மட்டும் ரயிலேறிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்தத் தாளும் பேனாவும்.

"வாடா எட்டு. கையெழுத்துப் போடச் சொல்லத்தானே வந்த?"

"ஆமாடா ஏழு. போட்டுத் தொலை."

"அன்னிக்கு நாலு பேரு தூக்குனீங்க. இனிமே யாரு தூக்குவா? அவளா? அவளே முப்பத்தெட்டுக் கிலோ."

"நான் தூக்குறேன்."

"உனக்கே முட்டி வலி லா," என்று சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினான். "பாருடா. நீ தட்டலேன்னா கையெழுத்துப் போடுறேன். சத்தியமா."

தட்டாமல் விட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது. அதற்குத்தானே வந்திருக்கிறேன்! பழைய வழக்கப்படி கை தானாகப் போயிற்று. ஆஸ்பத்திரிச் சட்டையின் நாடா அவிழ்ந்திருந்தது, கட்டிவிட்டேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் விரலில் இடறியது. துணியை மீறிக் காய்ச்சல் கொதித்தது. சரியாக இருந்தது என்று சொல்ல அந்த முதுகில் ஒன்றுமே இல்லை. அவன் அசையாமல், மூச்சுக்கூட விடாமல், கதவுக்கு முன்னால் நிற்பவனைப் போலக் காத்திருந்தான். காட்டில் அவன் கெஞ்சியதை நான் கேட்கவில்லை. அதனால் அவனுக்குக் கிடைத்தது பொய்க்காலும் தேங்காயும் இந்தக் கட்டிலும்.

ஓங்கித் தட்டினேன்.

"தேங்க்ஸ் டா," என்றான்.

அவன் மனைவி வாசலில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள். "நீங்க தட்டிக் குடுத்ததப் பாத்தேண்ணே. மனசு மாறிட்டாரா? போடுறேன்னாரா?"

"பாப்போம்மா," என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். கோழை. விமானத்திலிருந்து குதித்தவன், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் படியிறங்கி ஓடினேன்.

அன்று சாயங்காலமே அவன் அடம்பிடித்து வீட்டுக்குப் போய்விட்டான். ஒன்பதாம் நாள் செய்தி வந்தது.

சாவு வீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் அழுதபடி சொன்னாள்: "இந்த அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. அவருதான் கேக்கல."

நான் வாயைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு இன்றும் எனக்கு முறுக்கு அனுப்புகிறாள்.