சேமக்காலையில் மஞ்சள் பூ

அக்கா சேமக்காலை வாசலிலேயே நின்றுவிட்டாள். மெழுகுதிரிப் பெட்டியோடு பின்னால் வந்த நான் அவளில் முட்டிக்கொண்டேன். பிறகுதான் நானும் பார்த்தேன். வேலிக்கரை வெறும் மணலாகக் கிடந்தது.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் ஊர்கூடிச் சேமக்காலைக் கல்லறைகளைத் துப்புரவாக்குவது முல்லைத்தீவுக் கரையில் வழக்கம். ஆள் வராத கல்லறைகளையும் வந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். நல்ல வழக்கம்தான். நாங்கள் இப்போது கிளிநொச்சியில் இருப்பதால் திருநாளன்று மட்டும் பஸ் பிடித்து வருவோம். வேலிக்கரையில் இதுவரை யாரும் கை வைத்ததில்லை. அங்கே ஒருவரும் அடக்கம் இல்லை என்றே ஊர் நினைத்திருந்தது.

அக்காவின் மகள் அங்கேதான் கிடக்கிறாள். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில், பால்குடி மறக்காத பிள்ளை, காய்ச்சலில் போனாள். பெட்டி இல்லை. சிலுவைக்கு ஒரு தடிகூட அகப்படவில்லை. அக்கா கடற்கரைக்குப் போய், மணலோடு ஒட்டிப் படர்ந்து மஞ்சளாய்ப் பூக்கும் பூடு ஒன்றை வேரோடு கிண்டிவந்து தலைமாட்டில் நட்டாள். கிள்ளினால் பால் வடியும் பூடு. சண்டை முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது வேலிக்கரை முழுக்க மஞ்சள். ஆனாலும் நடுவில் நின்ற பெரிய பற்றைதான் தன்னுடையது என்று அக்கா அடையாளம் வைத்திருந்தாள். கல் வைப்போமா என்று எத்தனையோ தரம் கேட்டேன். "பூத்துக்கொண்டுதானே இருக்கு" என்பாள்.

கோயில் சபை ஆள் ஒருவர், என் வயதிருக்கும், மண்வெட்டியோடு எங்களிடம் வந்தார். "இந்தமுறை மூலை முடுக்கு ஒண்டும் விடேல்லை. வேலிக்கரையையும் வடிவாச் செருக்கிப்போட்டம்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"அதில என்ர பிள்ளை கிடக்கிறாள்," என்றாள் அக்கா. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

அவர் வெளிறிப்போனார். "தெரியாதக்கா. வெறும் பூடுதானே எண்டு நினைச்சிட்டம்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முழந்தாளிட்டு விரல்களால் மணலைக் கிளறத் தொடங்கினாள். மண்வெட்டி மேலாகத்தான் செருக்கியிருந்தது. படர்ந்த கொடிகளின் வேர் நூல்போல மெல்லியது. நட்ட பூட்டின் வேரோ இத்தனை வருசத்தில் விரல் தடிப்புக்கு இறங்கியிருக்கும். அதைத்தான் தேடினாள். கடைசியில் அகப்பட்டது. நகத்தால் சுரண்டினாள். பால் கசிந்தது.

"இதுதான்," என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெழுகுதிரிப் பெட்டியைப் பிரித்தேன்.

அந்த மனிதரும் மனம் கேளாமல் பக்கத்தில் குந்தியிருந்து கிளறிக்கொண்டிருந்தார். "அக்கா, இங்கயும் ஒண்டு இருக்கு."

அதே தடிப்பு. ஓர் எட்டுத் தள்ளி இருந்தது. அக்கா எழும்பிப் போய்ப் பார்த்தாள். பிறகு அவளே இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிளறினாள். அங்கேயும் ஒன்று, மற்ற இரண்டோடும் ஒரே வரிசையில்.

தானாக முளைக்கிற பூடு வரிசை பிடித்து முளைக்காது. அக்கா நட்ட ஒன்றுதான் படர்ந்து வேலிக்கரை முழுக்க மஞ்சளானது என்று இத்தனை காலமும் நம்பியிருந்தோம். அந்த நாட்களில் கடற்கரைக்குப் போய்ப் பூடு கிண்டியவள் அவள் மட்டுமல்ல.

"அப்ப, இதில உங்கட பிள்ளை எது?" என்று கேட்டார் அவர்.

அக்கா முதல் வேரைப் பார்த்தாள். மற்றவற்றையும் பார்த்தாள்.

"தெரியேல்லை," என்றாள்.

அவர் வேலியோரமாக இன்னும் கிளறிக்கொண்டே போனார். ஒவ்வொரு எட்டிலும் ஒரு வேரில் அவர் கை நின்றது. அக்கா என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இருக்கிற திரி எல்லாருக்கும் காணுமோ?"

"காணாது, அக்கா," என்றேன்.