ஒட்டுப்போட்ட அங்கி

பெரம்பலூரில் நான் ஓவிய ஆசிரியையாக இருந்த தனியார் பள்ளியின் தாளாளருக்கு, மத நல்லிணக்கச் சுவர் ஒன்று வேண்டுமென்று ஆசை வந்தது. மதத்துக்கு ஒரு பெரியவர். சீக்கியர்களின் முதல் குருவை வரையச் சொல்லி என்னிடம் விட்டார்.

காலண்டரைப் பார்த்து வரைய மனம் வரவில்லை. குருவின் கதை சொல்லும் பழைய கையெழுத்துப் புத்தகங்களின் ஓவியங்களை இணையத்தில் தேடினேன். அவற்றில் அவர் மரத்தடியில் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். தலையில் குல்லா, கையில் ஜபமாலை, உடம்பில் ஒட்டுப்போட்ட அங்கி. பக்கத்தில் ரபாப் என்ற நரம்பு வாத்தியத்தோடு அவருடைய முஸ்லிம் தோழர். எதிரே நிற்பவரைவிட ஒரு விரற்கடைகூடக் குரு பெரிதாக இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. அப்படியே வரைந்தேன்.

தாளாளர் வந்தார். ‘கல்வித் தந்தை’ என்று தனக்குத் தானே பட்டம் போட்டுக்கொண்டவர்.

“என்ன டீச்சர், ஒட்டுப் போட்ட துணியா? பாக்குறவன் என்ன நெனைப்பான்?”

“ஆரம்பத்துல அவர இப்படித்தான் சார் வரைஞ்சிருக்காங்க.”

“அது வசதி இல்லாத காலம். நமக்கென்ன? ஒரு கெத்து வேணாமா? அப்புறம், அந்தப் பாய் எதுக்குப் பக்கத்துல? எடுத்துடுங்க.”

மத நல்லிணக்கச் சுவரிலிருந்து! முடியாது என்றேன்.

மறுநாள் சுவரில் வெள்ளை அடித்திருந்தார்கள். அதன்மேல் அரியலூரில் அடித்து வந்த ஃபிளெக்ஸ். தங்கச் சிம்மாசனம், பயில்வான் மார்பு, கல்யாண மேடை சீரியல் பல்பு போல ஒளிவட்டம். கீழே, குருவைவிடப் பெரிதாகக் கும்பிட்டபடி தாளாளர்.

திறப்பு விழாவுக்கு அரியலூர் சிமெண்ட் ஆலையிலிருந்து ஒரு சீக்கிய இன்ஜினியர் வந்தார். இங்கேயே பல வருஷம் இருப்பவர். நன்றாகத் தமிழ் பேசினார். ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார்.

“யாருங்க இது?”

“உங்க சாமிதான் சார்!”

“எங்களுக்கு அவரு சாமி இல்லைங்க. குரு.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்று தாளாளர் சால்வை போர்த்தினார்.

டீ குடிக்கும்போது, அழிந்துபோன என் படத்தைப் போனில் அவரிடம் காட்டினேன். ரபாப் தோழரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இவர ஏன் அழிச்சாங்க?”

சொன்னேன். போனைத் திருப்பித் தந்தார். பிறகு மேடையேறி, முழுக்க முழுக்க அந்த முஸ்லிம் தோழரைப் பற்றியே பேசினார். முதலில் கைதட்டியவர் தாளாளர்தான். ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை.

அந்த வருஷத்தோடு வேலையை விட்டுவிட்டேன். பஸ்ஸில் போகும்போது சுவர் தெரிகிறது. குருவின் முகம் வெயிலில் வெளுத்துவிட்டது. தாளாளர் தன் படத்தை மட்டும் புதிதாக அடித்து ஒட்டியிருக்கிறார்.