சித்தி அனுப்பிய பத்து விடைகள்

பினாங்கில் அச்சாகி வாரம் ஒருமுறை வரும் தமிழ்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பொது அறிவுக் கேள்விகள் இருக்கும். பத்துக்கும் சரியான விடை எழுதி, மூலையிலுள்ள கூப்பனை வெட்டி ஒட்டி அனுப்பினால், இரண்டு வாரம் கழித்து நம் பெயரைத் தோட்டம், தபாலாபீஸ் விவரத்தோடு போடுவார்கள். பரிசு அவ்வளவுதான். ஆனாலும் மலாயாவின் பேராக் மாநிலத்தில் கோப்பெங்குக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்தப் பக்கத்துக்குக் கிடைத்த மரியாதை தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக்கூடக் கிடைத்ததில்லை.

அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பத்தும் தெரிந்தவர் மாதிரிதான் பத்திரிகையைப் பிரிப்பார். மூன்றாவது கேள்வியில் தொண்டையைக் கனைப்பார். ஐந்தாவதில் ஆபீசில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். அதற்கப்புறம் பத்திரிகை சித்தியின் கைக்கு வரும்.

சித்தி, அம்மாவின் தங்கை. எங்களோடு வந்து தங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தாப்பாவிலிருந்து மலைமேல் ரோடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலைக்குப் போன சித்தப்பா திரும்பவே இல்லை, கடுதாசியும் இல்லை. புலி அடித்துவிட்டது என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், சயாமுக்குப் போய்விட்டார் என்றார்கள். சித்தி ஒன்றையும் நம்பவில்லை.

"நாங்க இருந்த தோட்டத்தை வித்துட்டாங்க. ஒங்கப்பாவும் தோட்டம் மாறி வந்துட்டாரு. நான் எங்க இருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்பாள். "சோறு இல்லாட்டியும் இந்தப் பேப்பரை விடமாட்டாரு. அதுலயும் கடைசிப் பக்கத்தைத்தான் மொதல்ல பாப்பாரு."

ஆகவே அந்தப் பக்கத்தில் அவள் பெயர் வரவேண்டும். விளம்பரம் கொடுத்துத் தேடினால் மானம் போகும் என்று அப்பா ஏற்கெனவே கையை விரித்திருந்தார். மிச்சமிருந்த ஒரே வழி இதுதான். பாவம், வாராவாரம் எட்டு சரியாக வரும், ஒன்பது வரும், பத்து மட்டும் வராது. அவளுக்காகத் தோட்டம் முழுக்க ஓடி விசாரிக்கிற வேலை என்னுடையது. நாக்கை நீட்ட முடியாத பிராணி எது என்று ஒரு வாரம் கேட்டிருந்தார்கள். "எதுவோ, ஆனா எங்க மாமியார் இல்ல" என்றாள் அம்மா. விடை முதலை.

கடைசியில் ஒரு வாரம் ஒன்பது விடைகள் மளமளவென்று கிடைத்துவிட்டன. பத்தாவது கேள்வி, ரப்பர் மரத்தின் சொந்த நாடு எது என்பது. விடிந்தால் அந்த மரத்தின் முகத்தில்தான் விழிக்கிறோம், எங்களுக்குத் தெரியாதா? கங்காணி சிரித்தார். "இது ஒரு கேள்வியா? சிலோன்தான். நானே அங்கேருந்துதான வந்தேன்!" துரை சீமையிலிருந்து வந்தார், ஆகவே மரமும் சீமையிலிருந்துதான் வந்திருக்கும் என்பது அப்பாவின் கட்சி. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பாதிப்பேர் சிலோன், பாதிப்பேர் சீமை.

சித்தி மட்டும், "பிரேசில்" என்றாள். சித்தப்பா கோலா கங்சாரில் ரப்பர் நாற்றுப் போடும் இடத்தில் வேலை பார்த்தவராம். கல்யாணமான புதிதில் சொன்னாராம். சொல்லும்போது அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்று விடைகளை என்னை எழுதச் சொன்னாள். அடியில் பெயரை மட்டும் அவளே எழுதினாள். முன்னால் சித்தப்பாவின் முதலெழுத்து, பிறகு தன் பெயர், தோட்டம், கோப்பெங் தபாலாபீஸ். எழுதி முடித்து ஊதி ஊதிக் காயவைத்தாள்.

ஆபீசில் தபால் பைக்குள் போடப்போன என்னை அப்பா பிடித்துவிட்டார். பிரித்துப் படித்தார்.

"புருஷன் விட்டுட்டுப் போனவ பேரை ஊரு பூரா படிக்கணுமா? ரொம்ப அழகாத்தான் இருக்கும்!" என்று அடிப்பகுதியைக் கிழித்தார். "ஒன் பேரை எழுது. சின்னப் புள்ள, யாரும் ஒண்ணும் பேசமாட்டாங்க. சித்திகிட்ட சொல்லாத."

எனக்கு வயது ஒன்பது. பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். சித்தி கேட்டபோது, "போட்டாச்சு" என்றேன்.

பத்தும் சரி. பேராக்கிலிருந்து வந்திருந்த ஒரே பெயர் என்னுடையது. சித்தி விரலால் தடவித் தடவித் தேடியவள் அங்கே வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேரு அழகா வந்திருக்குடி" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரை லயத்துச் சனம் என் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து என் பெயருக்குக் கடுதாசி வந்தது. தாப்பா முத்திரை. வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் கடுதாசி என்பதால் வீடே கேட்கும்படி வாசித்தேன்.

"அன்புள்ள மகளுக்கு, உன் பெயரைப் பத்திரிகையில் கண்டு மிக்க சந்தோஷம். நன்றாகப் படிக்கவும். நான் சுகம். அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். இப்படிக்கு, உன் சித்தப்பா."

"ஐயோ, உசுரோட இருக்காரு!" என்று அம்மா கும்பிட்டாள். சித்தி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சித்தி."

"பின்பக்கம் பாருடி."

திருப்பிக் காட்டினேன். ஒன்றும் இல்லை. அவள் வாங்கி, ஒருமுறை தானே படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அப்பாவுக்கு ஆபீசில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த பத்திரிகை வந்ததும் அவளிடம் ஓடினேன். "சித்தி, இந்தத் தடவை ஒங்க பேரையே எழுதுங்க. அப்பாவுக்குத் தெரியாம நான் போட்டுடறேன்."

"வேணாம்டி, இனிமே தேவையில்ல" என்றாள்.

சித்தப்பா உயிரோடு இருக்கிறார், சுகமாக இருக்கிறார், தாப்பாவில்தான் இருக்கிறார். இத்தனையும் என்னால் தெரிந்ததே, இன்னும் எதற்கு உம்மென்று இருக்கிறாள்? என் பெயர் அச்சில் வந்த பொறாமைதான் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் நானும் அவளோடு பேசவில்லை.